மண் வைத்த கணக்கு



திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரையில் சித்திரை மாதத்து நண்பகலில் வெறுங்காலுடன் நிற்க நம்மில் யாராலும் இயலாது. மணல் அவ்வளவு சுடும். ஆனால் பத்தடி நடந்து அலையில் கால் வைத்தாலோ உடலெல்லாம் குளிரும். அதே இடத்திற்குப் பின்னிரவில் சென்று பாருங்கள். மணல் குளிர்ந்து கிடக்கும், கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். காய்ந்தது ஒரே கதிரவன். காய்ந்த நேரமும் ஒன்றே. பின் ஏன் மணலுக்கு ஒரு நீதி, நீருக்கு ஒரு நீதி?

தில்லிக்கும் நாகபுரிக்கும் பிழைப்பு நாடிச் சென்ற நம்மவர்கள் இக்கேள்வியை வேறு வடிவில் அறிவார்கள். திருவனந்தபுரத்தில் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலையில் மூன்று பாகை செல்சியஸ் அளவே வேறுபாடு. தில்லியிலோ அவ்வேறுபாடு இருபது பாகையை ஒட்டி நிற்கிறது. தை மாதத்தில் கம்பளியும் ஆனியில் விசிறியுமாக வாழப் பழகிக்கொண்ட தில்லித் தமிழர், ஊருக்கு வரும்போதெல்லாம், ‘இங்கே பருவம் என்று ஒன்று உண்டா? எப்போதும் ஒரே புழுக்கந்தானே!’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். தில்லி வடக்கே தள்ளி இருப்பது ஒரு காரணம்; அது கடலை விட்டு விலகி இருப்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தின் வேரைத் தேடிச் சென்றால், பொருள்களின் வெப்ப ஏற்புத்திறன் என்னும் கருத்தை அடைகிறோம். அக்கருத்தின் வரலாற்றில் ஓர் ஏடு திருவனந்தபுரத்திலேயே, நகரின் நடுவே உள்ள ஒரு குன்றின்மேல் எழுதப்பட்டது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் கருத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பேச்சு வழக்கில் ‘சூடு’ என்ற ஒரே சொல்லால் இரண்டு பொருள்களைக் குறிக்கிறோம். ஒன்று, ஒரு பொருள் எவ்வளவு சுடுகிறது என்பது, இது வெப்பநிலை. மற்றொன்று, அப்பொருளுக்குள் எவ்வளவு வெப்பம் சென்றது என்பது. வெப்பமானி காட்டுவது முன்னதை மட்டுமே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இரண்டு சொற்களுக்குரிய இடத்தில் ஒரு சொல்லை வைப்பதால் விளையும் குழப்பம் நன்கு தெரியும். அறிவியல் உலகமும் அக்குழப்பத்தில் நெடுங்காலம் கிடந்தது.

அதை அவிழ்த்தவர்களுள் தலையாயவர் ஜோசப் பிளாக். ஸ்காட்லாந்து நாட்டில், கிளாஸ்கோவிலும் பின்னர் எடின்பரோவிலும் பேராசிரியராக இருந்தவர். ஒரு பொருள் எவ்வளவு கனமோ அவ்வளவு வெப்பத்தைக் கொள்ளும் என்றே அந்நாளில் பலரும் நம்பினர். பாதரசமோ தண்ணீரைப்போல் பதின்மூன்று மடங்குக்கும் மேற்பட்ட கனம் உடையது. 150 பாகையில் உள்ள பாதரசத்தையும் 100 பாகையில் உள்ள அதே கன அளவு தண்ணீரையும் கலந்தால் என்ன ஆகும்? கலவை 120 பாகையில் நிற்கிறது என்று பிளாக் தம் மாணவர்களுக்கு எடுத்துக் காட்டினார். பாதரசம் 30 பாகையை இழந்தும் தண்ணீர் 20 பாகையே பெற்றது. கனத்தில் மிஞ்சிய பாதரசம் வெப்பத்தைக் கொள்வதில் தண்ணீருக்குத் தோற்றது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை ஏற்பதில் தனக்கே உரிய ஓர் இயல்பு உண்டு என்பது பெறப்பட்டது. அதுவே தன்வெப்பம்.

ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஆயிரம் கலோரி வெப்பம் வேண்டும். இன்றைய அளவையில் அது ஏறக்குறைய 4,186 ஜூல். இதனை ஒன்று எனக் கொண்டால், இரும்பின் தன்வெப்பம் 0.11, செம்பு 0.09, பாதரசம் 0.03, உலர்ந்த மணல் ஏறத்தாழ 0.2. எனவே ஒரே அளவு வெப்பம் ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை உயர்த்தினால், ஒரு கிலோ மணலை ஐந்து பாகை உயர்த்திவிடும். சங்குமுகத்து மணல் ஏன் சுடுகிறது என்பதற்குப் பாதி விடை இங்கேயே கிடைக்கிறது.

தன்வெப்பத்தைப் பொருளின் நிறையால் பெருக்கினால் வருவது அப்பொருளின் மொத்த வெப்ப ஏற்புத்திறன். நம் வீட்டுக் கல்சட்டி இதற்குத் தக்க சான்று. மாக்கல்லின் தன்வெப்பம் பெரிதன்று. தண்ணீரினதில் கால் பங்குக்கும் குறைவே. ஆயினும் சட்டி தடித்தது, கனத்தது. அதனால் அடுப்பில் ஏற்றியதும் அது எளிதில் சூடேறுவதில்லை. சூடேறியபின் அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாலும் உள்ளே குழம்பு நெடுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். மெதுவாக வாங்குவது மெதுவாகவே கொடுக்கும். இந்த உண்மையை நம் பாட்டிமார் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். அதை எண்ணில் அறிய அறிவியலுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனித் திருவனந்தபுரத்துக்கு வருவோம். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜாவை இசையன்பர்கள் அனைவரும் அறிவார்கள். அவர் வானியலிலும் நாட்டம் உடையவர். ஆலப்புழையில் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர், சொந்த ஆர்வத்தால் சில கருவிகளை வைத்துக்கொண்டு வானை ஆராய்ந்து வந்தார். அவரைத் தலைவராகக் கொண்டு ஓர் ஆய்வுக்கூடம் நிறுவ மகாராஜா இசைந்தார். 1837இல் அது செயற்படத் தொடங்கியது. ஊர் மக்கள் அதனை ‘நட்சத்திர பங்களா’ என்றே அழைத்தனர். அது நின்ற குன்று, வெட்டுக்கல் என்று அவ்வட்டாரத்தார் வழங்கும் செம்புரைக்கல்லால் ஆனது. கால்டிகாட் ஐரோப்பாவுக்குச் சென்று மேலும் கருவிகள் வாங்கி வந்தார். மணிக்கு மணி காற்றழுத்தமும் வெப்பநிலையும் குறிக்கப்பட்டன. 1843ஆம் ஆண்டின் பெரிய வால்நட்சத்திரமும் அக்குன்றிலிருந்து ஆராயப்பட்டது.

விண்ணை நோக்க எழுப்பிய அக்கூடத்தில் கால்டிகாட் மண்ணையும் நோக்கினார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ். பிளாக் பாடம் சொன்ன அதே பல்கலைக்கழகந்தான். அவர் 1837 முதல் அந்நகரில் மூன்று இடங்களில், கருங்கற்பாறையிலும் மணலிலும் மணற்கல்லிலும், வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து நிலத்தின் வெப்பநிலையை அளந்து வந்தார். வெப்பம் மண்ணுக்குள் எவ்வளவு விரைவாக இறங்குகிறது, எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அறிவதே நோக்கம். அதே முறையில் கால்டிகாட் திருவனந்தபுரத்தில் 3, 6, 12 பிரெஞ்சு அடி ஆழங்களில் வெப்பமானிகளைப் பதித்தார். 12 பிரெஞ்சு அடி என்பது ஏறக்குறைய 3.9 மீட்டர், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல்.

அக்கருவிகளின் அமைப்பையும் சொல்ல வேண்டும். ஆழத்தில் உள்ள வெப்பமானியை ஒவ்வொரு முறையும் தோண்டி எடுத்துப் பார்க்க முடியாது. ஆகவே சாராயம் நிரம்பிய குமிழ் அடியில் இருக்க, நீண்ட மெல்லிய கண்ணாடிக் குழாய் தரைக்கு மேலே வந்து அளவு காட்டுமாறு செய்திருந்தனர். இதில் ஒரு சிக்கல் உண்டு. குழாய் கடந்து வரும் மேல்மண்ணின் சூடும் அதிலுள்ள சாராயத்தை விரிவடையச் செய்யும்; ஆழத்துச் சூடும் வழியிலுள்ள சூடும் கலந்துவிடும். எனவே குறித்த எண்ணை அப்படியே கொள்ளாமல், ஒவ்வொன்றையும் கணக்கிட்டுத் திருத்த வேண்டும். 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை, நாற்பத்து நான்கு மாதங்கள், இந்தப் பணி நடந்தது. இதன் விவரங்களை 1849இல் எடின்பரோ அரச கழகம் தன் ஏட்டில் வெளியிட்டது. அதே ஆண்டில் கால்டிகாட் காலமானார்.

இத்தனை பாடுபட்டு அறிந்தது என்ன? அதன் மதிப்பை உணர, அந்நாளில் நிலவிய ஒரு கருத்தை நினைவுகூர வேண்டும். தென் அமெரிக்காவில் பல்லாண்டு சுற்றிய பூசங்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர், வெப்ப மண்டல நாடுகளில் நிழலான இடத்தில் ஓரடி ஆழத்துக்குக் கீழே நிலத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் மாறாது என்று கூறியிருந்தார். இது உண்மையாயின் பயணிகளுக்குப் பெரும் வசதி. ஓர் ஊரின் ஆண்டுச் சராசரியை அறிய ஓராண்டு தங்க வேண்டியதில்லை. ஓரடிக் குழி தோண்டி ஒருமுறை பார்த்தாலே போதும்! ஆனால் திருவனந்தபுரத்து மண் இதற்கு இசையவில்லை. ஓரடி என்ன, அதைவிடப் பன்மடங்கு ஆழத்திலும் ஆண்டின் ஏற்றமும் இறக்கமும் தென்பட்டன. மேலே கோடை முதிர்ந்தால் கீழே சூடு ஏறியது. மேலே மழை இறங்கினால் கீழே சூடு தணிந்தது. ஆழம் கூடக்கூட அந்த அசைவு சிறுத்தது, காலமும் தாழ்ந்தது, ஆனால் அற்றுப்போகவில்லை. நம் ஊரில் பருவமே இல்லை என்போருக்கு, நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே மண் மறுமொழி சொல்லிவிட்டது.

ஏன் அசைவு சிறுக்கிறது, ஏன் காலம் தாழ்கிறது என்பதில்தான் தன்வெப்பம் மீண்டும் முன்வருகிறது. மேலிருந்து இறங்கும் வெப்பத்தை மண்ணின் ஒவ்வோர் அடுக்கும் அப்படியே கீழே தள்ளிவிடுவதில்லை. தன்னைச் சூடேற்றிக்கொள்ளத் தனக்கு வேண்டிய பங்கை முதலில் எடுத்துக்கொண்டு எஞ்சியதையே அடுத்த அடுக்குக்கு விடுகிறது. மேலே குளிர்ந்தால் அவ்வடுக்கு தான் வைத்திருந்ததைத் திருப்பித் தருகிறது. அடுக்கின் வெப்ப ஏற்புத்திறன் மிகுந்தால் வெப்ப அலை மெதுவாக இறங்கும். வெப்பத்தைக் கடத்தும் திறன் மிகுந்தால் விரைவாக இறங்கும். இவ்விரண்டின் விகிதமே அலையின் நடையை வகுக்கிறது. பகலிரவு மாற்றம் மண்ணில் ஒருசில சாண் ஆழத்திலேயே அடங்கிவிடும். ஆண்டு மாற்றமோ அதைப்போல் ஏறத்தாழ பத்தொன்பது மடங்கு ஆழம் செல்லும். எடின்பரோவின் கருங்கற்பாறையில் 24 பிரெஞ்சு அடி ஆழத்தில் இருந்த வெப்பமானி, மேலே நடுக்குளிர்காலம் நிலவிய வேளையில்தான் ஆண்டின் உச்சச் சூட்டைக் காட்டிற்று. கோடை அவ்வளவு தாமதமாக அங்கே போய்ச் சேர்ந்தது.

வெப்பமானிகள் தருவது விகிதத்தை மட்டுமே. கடத்துதிறனைத் தனியே அறிய, பாறையின் தன்வெப்பத்தை வேறாக அளக்க வேண்டும். அதற்காக எடின்பரோப் பாறைகளின் துண்டுகள் பாரிஸ் நகருக்கு, ரெனோ என்னும் வல்லுநரிடம் சென்றன. பொருள்களின் தன்வெப்பத்தை நுட்பமாக அளப்பதில் அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் இல்லை. சம கன அளவு தண்ணீரின் ஏற்புத்திறனை ஒன்று எனக் கொண்டால், கருங்கற்பாறைக்கு 0.53, மணலுக்கு 0.30, மணற்கல்லுக்கு 0.46 என்னும் அளவில் அவர் விடை தந்தார்.

இந்த எண்களை வைத்து எழுந்த கணக்கு உலகையே உலுக்கியது. கெல்வின் பிரபு என்று பின்னாளில் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், 1862இல் அதே எடின்பரோ அரச கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். உருகிக் கிடந்த பூமி குளிர்ந்து இறுகி இன்றைய நிலையை அடைய எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்பதே கேள்வி. சுரங்கங்களில் ஆழம் செல்லச் செல்லச் சூடு ஏறும் வீதத்தையும், எடின்பரோப் பாறைகளிலிருந்து கிடைத்த எண்களையும் கொண்டு அவர் கணக்கிட்டார். ஏறத்தாழ 9.8 கோடி ஆண்டுகள் என்று விடை வந்தது. ஐயத்துக்கு இடம் விட்டு, 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையே என்று வரம்பு வகுத்தார். மலைகளும் உயிரினங்களும் உருவாக அதனினும் நெடிய காலம் வேண்டும் என்று கருதிய நிலவியலாரும், டார்வின் வழி நின்றோரும் திகைத்தனர். ஆயினும் கெல்வினின் கணிதத்தில் பிழை காண அவர்களால் முடியவில்லை.

பிழை கணிதத்தில் இல்லை; தன்வெப்ப அளவிலும் இல்லை. மேற்பரப்பில் ஒரு நகரத்துப் பாறைகளில் கண்ட இயல்பே பூமியின் உள்ளம் முழுதுக்கும் பொருந்தும் என்று கொண்டதுதான் பிழை. கெல்வினிடம் உதவியாளராக இருந்த ஜான் பெரி 1895இல் இதனை எடுத்துரைத்தார். உள்ளே வெப்பம் மேற்பாறையில் பரவுவதைவிட எளிதாகப் பரவுமானால், விடை பன்மடங்கு பெருகும் என்று காட்டினார். பின்னர்க் கதிரியக்கம் கண்டறியப்பட்டது. பூமிக்குள்ளேயே வெப்பம் பிறந்துகொண்டிருக்கிறது என்பதும் தெளிவாயிற்று. இன்று பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என அறிவோம்.

பூசங்கோவும் கெல்வினும் பெரிய அறிஞர்கள். அவர்களைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் இருவரும் ஒரே இடத்தில் சறுக்கினார்கள். ஓரிடத்தில் கண்டதை அளக்காத இடத்துக்கும் நீட்டினார்கள். அவர்களுள் ஒருவருக்கு மறுப்பு, குன்றின்மேல் நாற்பத்து நான்கு மாதங்கள் பொறுமையாகக் குறித்துவந்த கூடத்திலிருந்து கிடைத்தது. அதற்குப் பொருளுதவி செய்தது ஓர் இந்திய அரசு. அக்கூடத்தின் நெடிய பதிவேடுகள் ஒருவர் கையால் மட்டும் நிறைந்தவை அல்ல. மழையிலும் நள்ளிரவிலும் விளக்கேந்திச் சென்று கருவிகளைப் பார்த்தெழுதிய உள்ளூர் உதவியாளர்கள் பலர். கட்டுரைகளின் தலைப்பில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் பிழையாக எழுதியிருந்தால் எந்த மேதையின் சூத்திரமும் பயன்பட்டிராது.

கால்டிகாட்டுக்குப் பின் 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், 1855இல் அகத்தியமலையின் உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, மலைமேலும் அடிவாரத்திலும் ஒரே வேளையில் அளவுகள் எடுக்கச் செய்தார். மலைக்கூடம் நிலைக்கவில்லை. நகரத்துக் குன்றின்மேல் உள்ள கூடம், பிற்காலத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்து, இன்றும் இருக்கிறது.

தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். சங்குமுகத்து விடையின் மறுபாதியை இப்போது சொல்லலாம். மண்ணில் பகற்சூடு ஒருசில சாண் ஆழத்துக்குள் நின்றுவிடுகிறது. அதனால் அந்த மெல்லிய அடுக்கு மட்டும் கடுமையாகச் சுடுகிறது. கடலிலோ ஒளி ஊடுருவிச் செல்கிறது. அலையும் காற்றும் நீரைக் கலக்கிப் பல மீட்டர் ஆழத்துக்கு வெப்பத்தைப் பங்கிடுகின்றன. தன்வெப்பமும் பெரிது, பங்கேற்கும் நிறையும் பெரிது. ஆகவே கடல் ஒரு மாபெரும் கல்சட்டி. பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று உள்ளே வீசுவதும், இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று திரும்பிக் கடலை நோக்கிச் செல்வதும் இதனாலேயே. திருவனந்தபுரத்தின் சமநிலைக்குக் கடலே காப்பு.

அந்தக் கல்சட்டியைப் பற்றி இன்று கவலைப்பட வேண்டிய காரணம் உண்டு. வளிமண்டலம் முழுவதன் வெப்ப ஏற்புத்திறனும் கடலின் மேல் மூன்று மீட்டர் நீரின் ஏற்புத்திறனுக்குள் அடங்கிவிடும். கரியமில வாயு மிகுந்ததால் பூமியில் தங்கிவரும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடலே வாங்கிக்கொண்டிருக்கிறது. காற்றின் வெப்பநிலை ஒரு பாகையோ ஒன்றரைப் பாகையோ உயர்ந்தது என்ற செய்தியைக் கேட்டு, ‘இவ்வளவுதானே’ என்று அமைவோர், சுடுவதையும் கொண்டிருப்பதையும் ஒன்றாக எண்ணும் பழைய குழப்பத்திலேயே இருக்கிறார்கள். புயல்கள் வலுப்பெறுவது கடல் கொண்டிருக்கும் வெப்பத்தால். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மீனவக் குடும்பங்களில் விளைத்த துயரத்தை நாம் மறக்கவில்லை. ஒரு புயலுக்கு ஒரே காரணம் கூறுவது, அளக்காததை அளந்ததாகக் கூறும் அதே பிழையாகும். ஆனால் கடலின் சூட்டை ஆழம் ஆழமாக, நாள் தவறாமல் அளந்து வைப்பது இனி அறிஞர்களின் ஆர்வம் மட்டுமன்று. கட்டுமரம் ஏறுவோரின் உயிர்க்காப்பும் ஆகும்.

மெதுவாக வாங்குவது மெதுவாகவே கொடுக்கும் என்று கல்சட்டியைப் பற்றிக் கூறினோம். கடல் இன்று வாங்குவதை நம் பிள்ளைகளின் காலத்திலும் கொடுத்துக்கொண்டிருக்கும். அன்பர்கள் அடுத்தமுறை திருவனந்தபுரம் வரும்போது, மாலையில் சங்குமுகத்து நீரில் கால் நனைத்துவிட்டு, அந்தக் குன்றையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். மண்ணுக்குள் கோடை இறங்கும் நடையை ஒருகாலத்தில் பொறுமையாக எண்ணிக் குறித்த இடம் அது.